நனைந்த பாயில் காற்று நிற்கும்

அப்புக்குட்டி, நான் ஜெயித்துவிட்டேன்டா! படத்தில் கப்பல் பாயைத்தான் நனைத்தார்கள். பீரங்கியை ஒருவரும் கடலில் தள்ளவில்லை. நீ சொன்னது தப்பு, நான் சொன்னதுதான் நடந்தது. வாளி வாளியாகக் கடல் தண்ணீரைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தார்கள், பாய்மரத்து உச்சியில் நின்று பாய் மேல் ஊற்றினார்கள், பாய் கறுத்துக் கனத்துப் புடைத்தது, இருந்த துளிக் காற்றையும் விடாமல் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னக் கப்பல் நகர்ந்தது பார், நான் கட்டிலிலிருந்து எழும்பி நின்று கை தட்டினேன். சுமனா அக்கா பயந்துபோய்த் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டாள். தோற்றவர் ரொட்டி சுட வேண்டும் என்பதுதானே பேச்சு. நீதான் தோற்றாய்.

இதை உன்னிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துக் கல்லறையில் எங்கள் லயத்துப் பிலோமினா அவள் மாமியாருக்குச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பீரங்கி, பாய் என்று பேச முடியுமா? பங்குச் சுவாமிதான் சொன்னார், "மனசுல இருக்கிறத மகனுக்கு எழுதுங்கம்மா, கோயில் பத்திரிகையில போடுவோம், பிள்ளையக் குடுத்த மத்தத் தாய்மாரும் வாசிப்பாங்க" என்று. "நான் அஞ்சாம் வகுப்பே முடிக்கல சாமி" என்றேன். "கடிதத்துக்கு அது போதும்" என்றார். "கப்பல் சண்டைப் படத்தப் பத்தி எழுதலாமா சாமி?" என்று கேட்டேன். "நோவா காலத்துலயே கப்பல் இருக்குதானே, எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதனால் உனக்குத் தெரிந்த சிலதையும் மற்றவர்களுக்காகச் சொல்லுவேன். நீ பொறுத்துக்கொள்.

மழை பெய்தால் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு இல்லை. ஈர மரத்தில் கத்தி வைத்தால் பால் வெட்டின கோட்டில் நிற்காது, மரமெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போகும், சிரட்டையில் மழைத் தண்ணீர்தான் நிறையும். காலையில் பேர் பதிகிற பிரட்டுக்குப் போய் வரிசையில் நிற்போம். கங்காணி வானத்தைப் பார்ப்பார், மரத்தைத் தொட்டுப் பார்ப்பார், "போங்க, போங்க, இன்னிக்கு வெட்டு இல்ல" என்பார். வெட்டு இல்லையென்றால் அன்றைக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. எல்லாப் பெண்களுக்கும் முகம் தொங்கிப் போகும். எனக்கு மட்டும் கால் நிலத்தில் நிற்காது. ஏனென்றால் அதே மழைக்கு நீ வேலை செய்த மாணிக்கக் குழியும் தண்ணீரால் நிறைந்துவிடும், முதலாளி உங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இரத்தினபுரி பஸ்ஸில் இறங்கி, தலையில் ஒரு உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, நம் லயத்து வீட்டுப் படியில் ஏறி வருவாய். சட்டைப் பையில் பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றின பென் டிரைவ் இருக்கும். "அம்மா, புதுக் கப்பல் வந்திருக்கு!" என்பாய், ஏதோ நம் வாசலிலேயே நங்கூரம் போட்ட மாதிரி.

ஆனால் முதல் தடவை நீ அந்த மாதிரிப் படம் போட்டபோது நான் எப்படித் திட்டினேன் என்று ஞாபகம் இருக்கும். "தண்ணியக் காட்டாதடா எனக்கு" என்று கத்தினேன். உன் அப்பாவை ஆறு கொண்டுபோனபோது உனக்கு ஒன்பது வயது. வெள்ளத்தில் மாட்டை அவிழ்த்துவிடப் போன மனிதர். மாடு கரையேறிவிட்டது. அவர் உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஆற்றில் கால் வைத்ததில்லை, குளிப்பு எல்லாம் மலையிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீரில்தான். பாலத்தில் பஸ் போனால் கண்ணை மூடிக்கொள்ளுவேன். அப்படிப்பட்டவளைப் பிடித்து உட்கார வைத்து, "அஞ்சு நிமிசம் பாரும்மா, பிடிக்கலைன்னா நிப்பாட்டிர்றேன்" என்றாய். ஐந்து நிமிடத்தில் புயல் வந்தது. மலை மாதிரி அலை ஒன்று எழும்பியது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அந்தக் கப்பல்காரன்கள் இருபது பேர், கையில் கயிறு, காலுக்குக் கீழே பலகை, மேலே கொஞ்சம் துணி, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அந்த அலை மேல் ஏறி அடுத்த பக்கம் இறங்கினார்கள். இறங்கினதும் ஒருவன் தொப்பியைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு சிரித்தான். அவ்வளவு வருசமும் தண்ணீர் என்றால் ஆளை விழுங்குகிறது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். மனுசன் அதோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிறதை அன்றைக்குத்தான் கண்டேன். "நிப்பாட்டவா?" என்று கேட்டாய். "கைய வச்சுப் பாரு!" என்றேன்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. இஞ்சின் வராத காலத்துக் கப்பல்தான் வேண்டும். புகைபோக்கி வைத்த கப்பல் வந்தால் "இது வேணாம், மாத்து" என்பேன். பாய் விரிக்கிற அழகு வருமா அதில்? முதலில் ஒன்று, பிறகு அதற்கு மேலே ஒன்று, பிறகு நுனியில் சின்னது சின்னதாக. காற்று அடித்ததும் படார் என்று ஒரு சத்தம் கேட்கும் பார், எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். இரண்டு கப்பல் பக்கத்தில் பக்கத்தில் வந்து பீரங்கிக் கதவுகளைத் திறக்கும்போது நான் மூச்சை விடமாட்டேன். கொக்கிக் கயிறு வீசி எதிரிக் கப்பலுக்குத் தாவுகிற இடத்தில் நானும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தாவப் பார்ப்பேன். "அம்மா, கட்டில் உடையுது" என்பாய்.

படத்தில் பேச்சு இங்கிலீசு, கீழே ஓடுகிற எழுத்து சிங்களம். சிங்களம் எனக்குக் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து அந்த எழுத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லுவாய். குரலையும் மாற்றுவாய். எனக்கு விளங்குவதற்காகக் கப்பலையே தோட்டமாக்கிவிட்டாய். "இவன்தாம்மா பெரிய தொரை. அந்தக் கண்ணாடிக் குழாய் வச்சுப் பாக்கிறவன் கணக்கப்பிள்ளை. விசில் ஊதுறான் பாரு, அவன் கங்காணி."

"அப்ப கயிறு இழுக்கிறவங்க?"

"அது நாமதான்."

மணி அடித்ததும் எல்லாரும் தளத்தில் வரிசையாக நிற்பார்கள், "பிரட்டு, பிரட்டு" என்பேன் நான். நங்கூரம் தூக்குகிற உருளையைக் காட்டி, "எங்க குழியில மண் வாளி இழுக்கிறதும் இதே மாதிரிதாம்மா, நானே நங்கூரம் தூக்குவேன்" என்று நெஞ்சை நிமிர்த்துவாய். பிஸ்கட்டை மேசையில் தட்டிப் புழுவை உதிர்த்துவிட்டுத் தின்பார்கள். "நம்ம ரேஷன் மாவு பரவாயில்ல போல" என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் அட்டை கிழிந்த கப்பல் கதை ஒன்று வாங்கி வந்தாய், சிங்களத்தில். கரண்ட் இல்லாத மழை நாளில் அதிலிருந்து கதை சொல்லுவாய். படத்தைவிட அது இன்னும் நல்லாயிருந்தது. கப்பல் சமையல்காரன் என்ன நினைக்கிறான் என்றுகூடப் புத்தகத்தில் எழுதியிருந்தது.

பந்தயம் எப்போது தொடங்கியது என்று தெரியாது. பெரிய துரை ஏதாவது மாட்டிக்கொள்ளுகிற இடத்தில் நிறுத்துவாய். "இப்ப என்ன செய்வான், சொல்லு." நான் ஒன்று சொல்லுவேன், நீ ஒன்று சொல்லுவாய், தோற்றவர் ரொட்டி சுட்டு, மிளகாய் இடித்துக் கட்டைச் சம்பலும் செய்ய வேண்டும். ஐந்து வருசமாக ரொட்டி சுட்டது முழுக்க நீதான். பீலியடியில் நின்று பெருமையடித்தேன், "படிச்ச பயல், அஞ்சாம் வகுப்புக்காரிக்கிட்ட ஒருதரம்கூட ஜெயிச்சதில்ல" என்று. "ஒனக்குக் கப்பல் தொரை ஆகிற மூளைடி" என்று பிலோமினாவே சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது மாவு மூட்டைக் கதைக்கு வருகிறேன். ஒரு படத்தில் சண்டை முடிந்த பிறகு, கப்பல்காரன்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். துணியில் வைத்துத் தைத்த நீள மூட்டை ஒன்றைப் பலகையில் வைத்துச் சாய்த்தார்கள், அது கடலுக்குள் போய்விட்டது. பெரிய துரை கண்ணைத் துடைத்தார். "என்னடா அது?" என்று கேட்டேன்.

"கெட்டுப்போன மாவும்மா. மூட்டையாக் கட்டிக் கடல்ல போடுறாங்க."

"மாவுக்கா தொப்பியக் கழட்டுறாங்க? மாவுக்கா அழுறாங்க?"

"கப்பல்ல சாப்பாட்டுக்கு அவ்வளவு மரியாதைம்மா."

நான் நம்பினேன். நம்பினது மட்டுமா? அடுத்த நாள் சோற்றைக் கொட்டின பிலோமினாவின் பிள்ளைகளைப் பிடித்து, "வெள்ளக்காரன் மாவு கெட்டுப்போனாக்கூட அழுவான், ஒங்களுக்கு என்ன திமிரு" என்று அரை மணித்தியாலம் புத்தி சொன்னேன். அந்தப் பிள்ளைகள் பிறகு என்னைக் கண்டால் சோற்றுக் கோப்பையோடு ஓடிப் போவார்கள். எந்தப் படத்திலும் யாராவது தண்ணீரில் விழுந்தால், "பின்னால வர்ற கப்பல்ல ஏறிக்கிட்டான்" என்பாய். பின்னால் கப்பலே தெரியவில்லையே என்றால், "தூரத்துல வருதும்மா, ஒனக்குக் கண்ணு தெரியல" என்பாய். கண்ணாடி போட வேண்டும் என்று டவுன் கிளினிக்கில் போய் வரிசையில் நின்றேனே, அது உன்னால்தான்.

கடைசிப் படத்தின் கதையைச் சொல்லுவதற்கு முன்னால் கொஞ்சம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த மழைக்கு நீ சனிக்கிழமை வந்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரவில்லை, உடம்பு வலி என்றாய். குழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்த வலி என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை தொட்டுப் பார்த்தால் நெற்றி கொதித்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று கேட்டேன். கேட்டேன்தான், ஆனால் எப்படிக் கேட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது, பிரட்டிலிருந்து திரும்பி வந்தவள் நான், மேசையில் நீ கொண்டுவந்த பென் டிரைவ் கிடந்தது. "நாளைக்குப் போலாம்மா, இன்னிக்குக் கப்பல் பாப்போம்" என்றாய். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. மூன்று வாரமாக வெயில் அடித்துப் படமே பார்க்காமல் இருந்தேன், எனக்கு ஆசையாக இருந்தது. இதைச் சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். இப்போது பத்திரிகையிலும் சொல்லுகிறேன். காய்ச்சல்காரப் பிள்ளையை உட்கார வைத்து இங்கிலீசுப் படத்துக்கு வாசிக்க வைத்தேன்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கரகரக்க வாசித்தாய். நல்ல படம்டா அது. சின்னக் கப்பல் ஒன்று, அதில் சிவந்த மீசை வைத்த பெரிய துரை. அவருக்குக் கீழே ஒரு இளம்பயல், கழுத்து நீளமானவன், நாம் ஒல்லிப்பயல் என்று பேர் வைத்தோமே, அவன். எனக்கு அவனைக் கண்டதும் பிடித்துவிட்டது. கயிற்றில் குரங்கு மாதிரி ஏறுவான், ஏறும்போது பாட்டுப் பாடுவான். பின்னால் பெரிய கப்பல் துரத்துகிறது, அதில் இரண்டு தட்டுப் பீரங்கி. திடீரென்று காற்று விழுந்துவிட்டது. கடல் தட்டு மாதிரிக் கிடக்கிறது, இரண்டு கப்பலும் நத்தை மாதிரி ஊர்கின்றன, பெரிய கப்பல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிறது. பெரிய துரை மேலே பாயைப் பார்க்கிறார், கீழே பீரங்கியைப் பார்க்கிறார். அங்கே நிறுத்தினாய்.

"சொல்லும்மா. இப்ப என்ன செய்வான்?"

"நீ முதல்ல சொல்லு."

"பீரங்கிய எல்லாம் கடல்ல தள்ளிருவான். பாரம் குறைஞ்சா கப்பல் ஓடும்."

"தள்ளிட்டு எதால சுடுவான், ஒன் மூக்காலயா? பாய நனைப்பான்டா!"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "ஏம்மா அப்படிச் சொல்ற?" என்று கேட்டாய். உன் அப்பா இருந்த காலத்தில் ஆற்றில் குளிக்கும்போது கண்டதுதான் அது. குறுக்குக்கட்டு கட்டித் தண்ணீரில் இறங்கினால், நனைந்த துணிக்குள் காற்று மாட்டிக்கொண்டு பலூன் மாதிரி எழும்பும், அடித்து அமுக்கினாலும் போகாது. காய்ந்த துணியில் காற்று நிற்காது, நூலுக்கு நூல் ஓட்டை. நனைந்ததில் நிற்கும். ஆற்றில் குளித்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். இதை நான் சொல்லி முடித்ததும் நீ சிரித்தாய். "ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டியதுதான் போல" என்றாய். பிறகு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டாய்.

"மிச்சத்த நான் இல்லாம பாத்துராத. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து வாசிக்கிறேன்."

அதற்கு முன்னால் ஒரு படத்தையும் நீ பாதியில் விட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்துப் போனோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். "எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்று டாக்டர் கேட்டார். நான் "மூணு நாள்" என்றேன். நீ அந்தக் கிடையிலும் குறுக்கே பேசினாய். "ரெண்டு நாள்தான் டாக்டர், அம்மாவுக்குக் கணக்குத் தெரியாது." கப்பல் பார்த்த நாளை நீ எனக்காக எடுத்து ஒளித்துவைத்தாய். மகனே, புத்தி சொல்லுகிற வயதை நீ தாண்டிவிட்டாய், ஆனாலும் சொல்லுகிறேன்: டாக்டரிடம் மட்டும் யாருக்காகவும் பொய் சொல்லாதே. அவர்கள் எல்லா வைத்தியமும் பார்த்தார்கள், யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நீ இல்லை.

டிவியை வெள்ளைத் துணியால் மூடினேன். நாற்பதாம் நாள் எடுக்க வேண்டிய துணி, மூன்று மாதம் கிடந்தது. பிறகு ஒரு மழை நாளில், கங்காணி "வெட்டு இல்ல" என்றதும், என் கால் பழக்கத்துக்கு ஓடியது. வீட்டுக்குள் வந்து நின்ற பிறகுதான் ஏன் ஓடினேன் என்று தெரிந்தது. துணியை இழுத்துப் போட்டுவிட்டு, அந்த மாவு மூட்டைப் படத்தைப் போட்டேன். உன் குரல் இல்லாமல் அவர்கள் வாயை அசைக்கிறார்கள், கீழே எழுத்து எறும்பு மாதிரி ஓடுகிறது, ஒன்றும் விளங்கவில்லை. பிலோமினா வாசலில் நின்று, "மகன மண்ணுல வச்சு மூணு மாசந்தான் ஆகுது, கப்பல் கேக்குதா ஒனக்கு?" என்றாள். "ஆமாடி, கேக்குது" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

அந்த நேரம்தான் சுமனா அக்கா பலாக்கொட்டை ஒரு பை கொண்டுவந்தாள். தோட்டத்து எல்லையில் நூறு ரப்பர் மரம் வைத்திருக்கிற சிங்கள அம்மா, மழையென்றால் அவளுக்கும் வேலை இல்லை. அவளும் நானும் பாதி சிங்களம், பாதி தமிழில் பேசுவோம்; அவள் எனக்கு அக்கே, நான் அவளுக்கு நங்கி, தங்கச்சி. கதவில் சாய்ந்து டிவியைப் பார்த்தவள், அவர்களுடைய புத்தர் கோயிலில், பன்சலையில், புத்தகம் வாசித்துப் பழகின குரலில், கீழே ஓடுகிற எழுத்தைத் தன் பாட்டுக்கு வாசிக்கத் தொடங்கினாள். எனக்கு எல்லாம் விளங்கியது! "அக்கே, உள்ள வாங்க, உக்காருங்க, வாசிங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வாசித்துக்கொண்டே வந்து அந்தத் தொப்பி கழற்றுகிற இடத்தில் நிறுத்திவிட்டாள். "அனே, பாவம்" என்றாள்.

"அது கெட்டுப்போன மாவுதானே அக்கே. கப்பல்ல சாப்பாட்டுக்கு மரியாதை."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மாவு இல்ல நங்கி. செத்த மனுசன். கப்பல்ல செத்தா இப்படித்தான், துணில வச்சுத் தைச்சுக் கடலுக்குக் குடுக்கிறது. யாரு ஒனக்கு மாவுன்னு சொன்னது?"

யார் சொன்னதென்று அவளுக்கும் உடனே விளங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது, பிறகு எனக்கு. பிலோமினாவின் பிள்ளைகள் கதையைச் சொன்னேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. உன் அப்பாவின் உடம்பை வாங்கிக்கொண்டு திருப்பித் தராத தண்ணீரை, என் கண் முன்னால் ஒரு தரம்கூட ஆளை விழுங்கவிடாமல், ஐந்து வருசம் காவல் நின்றிருக்கிறாய்.

அதற்குப் பிறகு வந்த மழையெல்லாம் எங்களுக்குத்தான். பென் டிரைவில் இருந்த எல்லாப் படத்தையும் திரும்பப் பார்த்தோம், நீ செய்த திருகுதாளம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பின்னால் வருகிற கப்பல் ஒன்றுகூட இல்லை. என் கண்ணில் குறை இல்லை. சுமனா அக்காவுக்கும் என் பைத்தியம் தொற்றிக்கொண்டது. எதிரிக் கப்பல் கண்டால் எழும்பி நின்று, "கஹபாங், கஹபாங்!" என்று கத்துகிறாள், அடி அடி என்று. நீ வாங்கின புத்தகத்தையும் அவள்தான் வாசிக்கிறாள், சமையல்காரன் இப்போது கப்பலில் கலகத்துக்கு ஆள் சேர்க்கிறான். ஆனால் ஒன்று எனக்குத் தைத்தது. முன்கூட்டிப் பார்க்காமல் அவ்வளவு வேகமாக ஒருவன் மாற்றிச் சொல்ல முடியுமா? நீ ஒவ்வொரு படத்தையும் கூட்டாளியின் போனிலோ எதிலோ முன்னாலேயே பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அப்படியென்றால் முடிவும் உனக்குத் தெரியும். ஐந்து வருசம் ரொட்டி சுட்டது எப்படி என்றும் விளங்கியது. பீலியடியில் பேசின பேச்சை நினைத்தால் வெட்கமாக இருக்கிறதுடா. இருந்தாலும் பாயை நனைக்கிறது நானாகச் சொன்னது. அதில் உன் சூது ஒன்றும் இல்லை.

அந்தக் கடைசிப் படத்தை மட்டும் தொடவில்லை. அதைப் போட்டால் அந்தத் திங்கட்கிழமை திரும்ப வந்துவிடும் என்று பயம். நீ இல்லாமல் பார்க்காதே என்று வேறு சொல்லியிருந்தாய். சுமனா அக்கா விடவில்லை. "அந்தக் கப்பல் ஏழு மாசமாக் காத்து இல்லாம நிக்குது நங்கி. அந்த மனுசங்களும் பாவம்தானே" என்றாள். போன வியாழக்கிழமை மழை. போட்டோம்.

நீ விட்ட இடத்திலிருந்து பெரிய துரை ஒரு மூச்சு விட்டார். பிறகு வாயைத் திறந்தார். சுமனா அக்கா வாசித்தாள், "பாய நனைங்கடா!" நான் கத்தின கத்தலில் லயமே வெளியே வந்தது. மேலே சொன்னேனே, அந்த ஆட்டமெல்லாம் அப்போதுதான். வாளி ஏறுகிறது, தண்ணீர் ஊற்றுகிறார்கள், கப்பல் நகருகிறது, பின்னால் பெரிய கப்பல் சுட்ட குண்டு தண்ணீரில் விழுந்து புஸ் என்று போகிறது! ஒல்லிப்பயல் எல்லாருக்கும் மேலே, உச்சிப் பாய்க்கு ஏறிவிட்டான், பாடிக்கொண்டே வாளியைக் கவிழ்க்கிறான். நான் அவனுக்குக் கை காட்டினேன். கை காட்டினபடியே நிற்கிறேன், ஈரக் கயிற்றில் அவன் கால் வழுக்கியது.

கடலில் விழுந்தான். பெரிய துரை ஓடிவந்து எட்டிப் பார்த்தார். கப்பலைத் திருப்பினால் எல்லாரும் போவார்கள். பெரிய கப்பலைப் பார்த்தார், தண்ணீரில் தெரிந்த அந்தக் கையைப் பார்த்தார். திருப்பவில்லை. ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. சுமனா அக்காவும் பேசவில்லை. நான் திரும்பி, "வாசிங்க அக்கே" என்றேன். "வாசிக்க ஒண்ணும் இல்ல நங்கி" என்றாள். கீழே எழுத்தே இல்லை. கை சின்னதாகி, புள்ளியாகி, பிறகு வெறும் தண்ணீர்தான் இருந்தது.

நான் இருந்து பார்த்தேன்டா, கண்ணை மூடாமல். அழுதேன், ஆனால் ஒன்றும் ஆகவில்லை எனக்கு. முடிவில் அந்தச் சின்னக் கப்பல் துறைமுகம் வந்து சேர்ந்தது, பாயெல்லாம் விரித்து, படார் படாரென்று, அவ்வளவு அழகாக. சுமனா அக்காவும் நானும் ரொட்டி சுட்டோம், உன் பங்கை எடுத்து வைத்தோம். இனிமேல் நீ எனக்கு எதையும் மறைக்க வேண்டியதில்லை, அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதினேன்.

ஆனால் வியாழக்கிழமையிலிருந்து ஒன்று என்னைப் போட்டுப் படுத்துகிறது. நீ நிறுத்தின இடத்துக்கும் அவன் விழுகிற இடத்துக்கும் நடுவில் சரியாக ஒரு ரொட்டி வேகிற நேரம்தான் இருக்கிறது. பேச்சு இருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பாய், மாவு மூட்டை என்றிருப்பாய், பின்னால் கப்பல் வருகிறது என்றிருப்பாய். எழுத்தே இல்லாத இடத்தில் நீ எதை மாற்றுவாய்? அதனால்தான் நிறுத்தினாய் என்று ஒரு மனது சொல்லுகிறது. அப்படியென்றால் அந்த நேரம் உனக்குக் காய்ச்சல் அவ்வளவு இல்லை, நான் உன்னை வருத்தவில்லை. இன்னொரு மனது போர்வைக்குள் நீ நடுங்கினதைச் சொல்லுகிறது. அப்புக்குட்டி, இந்த ஒன்றுக்கு மட்டும் மாற்றாமல் எனக்குப் பதில் சொல்லு: அன்றைக்கு நீ படத்தை நிறுத்தினது காய்ச்சல் தாங்க முடியாமலா, இல்லை, அந்தப் பயல் தண்ணீரில் போகிறதை அம்மா பார்க்கக் கூடாது என்றா?